சல்லடைக்கு நம்பர் மட்டும் போதுமா?

துவரம்பருப்பு வாங்கும்போது நாலு மூட்டையில் குத்தூசி போட்டு, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து வாங்குகிறோம். சல்லடை என்றால் மட்டும் "இருபதாம் நம்பர் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு, விலையைக் குறைத்துப் பேசி எடுத்து வந்துவிடுகிறோம். இது சரியல்ல என்பது நம் கருத்து.

நம்பர் என்பது மெஷ். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் என்ற கணக்கு, அவ்வளவே. கண்ணின் அளவை அது சொல்லாது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதை 20 ஆல் வகுத்தால் 1.27. இதில் கம்பியின் கனம் போக மீதிதான் கண். கம்பி 0.40 மி.மீ. என்றால் கண் 0.87. கம்பி 0.25 என்றால் கண் 1.02. இரண்டும் இருபதாம் நம்பர்தான்! இரண்டிலும் சலித்த ரவை ஒன்றாக இருக்குமா? "போன தடவை ரவை இப்படி இல்லையே" என்று வாடிக்கைக்காரர் கேட்டால், பாவம், மில்காரரைத்தான் குறை சொல்கிறோம். மெல்லிய கம்பி வேகமாகச் சலிக்கும், சீக்கிரம் அறும். கேஜ் கணக்கில் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதைப் புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து உலோகம். ஜி.ஐ. வலையில் இருப்பது துத்தநாகப் பூச்சு. உப்பும் புளியும் பட்டால் அது போய்த் துருப் பிடிக்கும். குடோன் ஜன்னலுக்கு அடிக்கலாம் (சுண்டெலிக்குக் கால் அங்குலக் கண்ணுக்கு மேல் ஆகாது), மாவுக்கும் மசாலாவுக்கும் வேண்டாம். பித்தளை உலர்ந்த மாவுக்குப் பழுதில்லை. ஈரமும் புளிப்பும் பட்டால் களிம்பேறும். எவர்சில்வரில் 304 என்பது சுமார் 18 சதம் குரோமியமும் 8 சதம் நிக்கலும் சேர்ந்தது. நமக்கு அது போதும். மாலிப்டினம் சேர்ந்த 316 உப்பு வியாபாரிகளுக்குத்தான் தேவை, மற்றவர்களுக்கு வீண் செலவு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசையும் எவர்சில்வர் என்றே விற்பனையாகிறது. துருவைத் தாங்குவதில் அது 304க்கு ஈடாகாது.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். 200 வரிசையும் பெரும்பாலும் ஒட்டாது. அசல் 304 கூடக் கம்பியாக இழுக்கும்போது லேசாக ஒட்டும் தன்மை பெறுவதுண்டு. ஆகவே மெஷ், கம்பிக் கனம், ரகம் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குவதே வழி. எழுதித் தர மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம்.

இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. அறுந்த கம்பித் துண்டு மிளகாய்த்தூளில் விழுந்தால், மில்லில் இரும்பு ஆணியைப் பிடிக்கும் காந்தம் எவர்சில்வர் துண்டைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. குழந்தையின் தொண்டைக்குப் போகும் சாமான் அது. உணவுப் பொருளில் அந்நியப் பொருள் இருந்தால் 2006 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 54 ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாரம் ஒருமுறை சல்லடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அறுந்த கண்ணுக்கு ஈயப் பற்று வைத்து ஓட்ட வேண்டாம். சட்டம் நன்றாக இருந்தால் வலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.