எலும்பு சொன்ன 'இல்லை'

மைசூரு மாவட்டம் பெட்டதபுரா போலீஸாருக்கு ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. பக்கத்து மாவட்டமான குடகில், குசால்நகர் அருகே ஒரு பெண்ணை 2020 முதல் காணவில்லை. இரண்டுக்கும் முடிச்சுப் போட்ட போலீஸார் கணவரைக் கைது செய்தார்கள். எலும்பையும் பெண்ணின் தாயாரது ரத்தத்தையும் டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும் முன்பே குற்றப்பத்திரிகையும் தாக்கல் செய்தார்கள். வந்த முடிவு: பொருந்தவில்லை. ஆனாலும் வழக்கு நகர்ந்தது. கூலித் தொழிலாளியான கணவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். 2025 ஏப்ரலில், 'கொலையான' மனைவி மடிகேரி ஓட்டல் ஒன்றில் உயிரோடு காணப்பட்டார்!

பழைய எலும்பு சொல்லும் 'இல்லை'யை நம்பலாமா? கேள்வி நியாயமானதே. டி.என்.ஏ. சோதனையின் முடிவு, மலைத்தொடர் போன்ற ஒரு வரைபடம். சோதிக்கும் ஒவ்வோர் இடத்திலும் தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு முகடுகள். நல்ல ரத்தத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம். மண்ணில் கிடந்த எலும்பில் அப்படியல்ல. நீளமான துண்டுகள் முதலில் சிதைவதால் அவற்றின் முகடுகள் குட்டையாகும். சில காணாமலே போகும். நகலெடுக்கும்போது அசல் முகட்டின் பக்கத்தில் குட்டி நிழல் முகடும் முளைக்கும். தாய் தந்த முகடு இல்லை என்றால், அது சிதைந்து போனதா, இருந்ததே இல்லையா?

இங்கேதான் புள்ளியியல் வருகிறது. டி.என்.ஏ.வின் அளவு, சிதைவு, நகலெடுப்பின் திறன், நிழலின் விகிதம் ஆகிய மாறிகளைக் கொண்டு ஒவ்வொரு முகடும் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். 'இவர் மகள்' என்றால் இந்த வரைபடம் வர வாய்ப்பு எவ்வளவு, 'மகள் அல்ல' என்றால் எவ்வளவு? இரண்டின் விகிதமே சாட்சியத்தின் எடை. ஓரிடத்தில் முகடு மறைந்தால் சிதைவைச் சொல்லலாம். உயரமான, தெளிவான முகடுகளே பல இடங்களில் முரண்பட்டால் சாக்குக்கு இடமில்லை.

டி.என்.ஏ. முடிவு எப்படி வந்தது என்பதைக் கீழ்க் கோர்ட்டுகள் ஆராயவில்லை என்று டெல்லி சாவ்லா வழக்கில் 2022-ல் சுப்ரீம் கோர்ட் குறைகூறியது. 'ஆம்' என்ற அறிக்கைக்கே அந்தக் கண்டிப்பு. மைசூருவில் 'இல்லை' என்ற அறிக்கையே கணவரைக் காப்பாற்றவில்லை.

2025 ஏப்ரலில் மைசூரு நீதிமன்றம் அவரை விடுவித்து, 1 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. 'பொருந்தவில்லை' என்ற அறிக்கை வந்த அன்றே போலீஸார் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அப்படியானால், அந்த எலும்பு யாருடையது?