மலிவுப் பயணம்: யாருடைய செலவில்?

பயணக் கட்டுரைகளில் ஒரு புதிய வகை நம்மிடையே பெருகியிருக்கிறது. எந்த ஊரைப் பார்த்தோம் என்பதைவிட எவ்வளவு குறைந்த பணத்தில் பார்த்தோம் என்பதே அவற்றின் உயிர்நாடி. கட்டுரையின் முடிவில் ஒரு கணக்கு இருக்கும். தங்கியதற்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, பேருந்துக்கு இவ்வளவு என்று நீண்டு, கடைசியில் வரும் மொத்தத் தொகையைக் கண்டு வாசகர் மலைத்துப்போக வேண்டும் என்பது எழுதியவரின் எதிர்பார்ப்பு. இதைக் குறை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. முதுகில் ஒரு பையோடு மொராக்கோவின் பழைய நகரங்களில் நண்பர்கள் இருவராக மூன்று வாரங்கள் அலைந்து திரும்பியபோது எங்கள் நாட்குறிப்பிலும் அப்படியொரு தொகை இருந்தது. அதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும் நாளாக ஆக உறுத்தத் தொடங்கியது. அந்த உறுத்தலைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. குறைந்த செலவில் பயணம் செய்வது இழிவன்று. ரூபாயில் சம்பளம் வாங்குகிறவர்கள் அட்லாண்டிக் கரைவரை போய்வர வேண்டுமானால் வேறு வழியும் கிடையாது. அதிலும் ஃபெஸ் போன்ற ஒரு நகரத்தில் பணம் அதிகமாக எதையும் வாங்கித் தந்துவிடாது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, 1981இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பழைய நகரத்துக்குள் கார் நுழைய முடியாது. பெரும்பாலான சந்துகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கியே ஆகவேண்டும். தோல் மூட்டைகளைச் சுமந்துவரும் கோவேறு கழுதைகளின் பின்னாலிருந்து “பாலக்! பாலக்!” என்று குரல் வரும்போது செல்வந்தரும் ஏழையும் ஒரே சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். நடக்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே அந்த ஊர் தன்னைக் காட்டுகிறது.

ஃபெஸ்ஸின் பழைய குடியிருப்பு ஒவ்வொன்றிலும் ஐந்து இடங்கள் இருக்கும் என்பார்கள்: ஒரு மசூதி, ஒரு குர்ஆன் பள்ளி, ஒரு பொது நீரூற்று, ஒரு ஹம்மாம், ஓர் அடுப்புக்கூடம். வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் துணிபோட்டு மூடிச் சிறுவர்கள் அடுப்புக்கூடத்துக்குக் கொண்டுபோவதைக் காலையில் பார்க்கலாம். எந்த ரொட்டி எந்த வீட்டுக்கு உரியது என்பது சுடுகிறவருக்குத் தெரியும். கடையில் வாங்கினாலும் வட்ட ரொட்டி ஒன்று ஒரு திர்ஹத்துக்குச் சற்றே மேல்தான். நாங்கள் போனபோது திர்ஹம் ஒன்று நம் ஒன்பது ரூபாயை ஒட்டி வந்தது. உலர்ந்த பயற்றைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவித் தரும் பிஸ்ஸாராவில் அந்த ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டால் மதியம்வரை பசிக்காது. குளிக்க ஹம்மாம் இருக்கிறது. படுக்க, மலிவு விடுதிகள் சிலவற்றில் மொட்டைமாடியே கிடைக்கிறது. இப்படி வாழ்ந்த நாட்களில் நாங்கள் எதையும் இழந்ததாக உணரவில்லை.

இந்த வசதிகளெல்லாம் யாருக்காக ஏற்பட்டவை என்று யோசித்தபோதுதான் கதை வேறுவிதமாகத் திரும்பியது.

வக்ஃப் என்ற சொல் நமக்குப் பழக்கமானது. மொராக்கோவில் அதை ஹபூஸ் என்கிறார்கள். இன்றும் அதற்கென ஓர் அமைச்சகமே உண்டு. ஒருவர் தமக்குச் சொந்தமான கடையின் வாடகையையோ தோட்டத்தின் விளைச்சலையோ ஓர் அறத்துக்கு நிரந்தரமாக எழுதிவைத்துவிடுகிறார். அதன்பின் அந்தச் சொத்தை விற்க முடியாது. வாரிசுகள் பங்கு போட்டுக்கொள்ளவும் முடியாது. நீரூற்றுகளும் மதரஸாக்களும் மருத்துவமனைகளும் நூற்றாண்டுக் கணக்கில் ஓடியது பெரும்பாலும் இந்த வருமானத்தில்தான். 1323க்கும் 1325க்கும் இடையில் கட்டப்பட்ட அத்தாரின் மதரஸாவின் முற்றத்தில் நின்று பார்ப்பவர்கள் சுவர்களின் சுதைவேலையிலும் ஓடுகளிலும் மயங்கிவிடுகிறார்கள். மாடிக்கு ஏறினால் பாய் விரிக்கும் அளவே உள்ள சிற்றறைகள் இருக்கின்றன. வெளியூர்களிலிருந்து வந்த ஏழை மாணவர்களுக்கான உறைவிடம் அது. 1286இல் எழுப்பப்பட்ட சீதி ஃப்ரெஜ் மருத்துவமனையில் நோயுற்ற நாரைகளுக்கும் சிகிச்சை தந்தார்கள் என்கிறது வரலாறு. ஊருக்குப் புதிதாய் வந்த பறவையையும் விருந்தாளியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்ட நகரம்!

அத்தாரின் மதரஸா கட்டி முடிந்த அதே 1325இல்தான் டான்ஜியர் நகரிலிருந்து 21 வயது இளைஞர் ஒருவர் தனியாகப் புறப்பட்டார். இப்னு பதூதாவை நாம் மன்னர்களின் விருந்தாளியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அது பொய்யுமன்று, டில்லியில் அவருக்கு ஏறியிருந்த கடன் மட்டும் 55,000 தினார். சிக்கனத்துக்கு உதாரணமாக அவரைச் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் மன்னர் இல்லாத இடங்களில் அவரைத் தாங்கியது மடங்களும் அறக்கட்டளைகளும்தாம். டமாஸ்கஸ் நகரின் அறக்கட்டளைகளை வியந்து அவர் பட்டியலிடுகிறார். ஹஜ் செல்ல இயலாதவர்களுக்காக ஒன்று, ஏழைப் பெண்களின் திருமணத்துக்காக ஒன்று, வழிப்போக்கர்களுக்கு உணவும் உடையும் ஊர் திரும்பும் செலவும் தர ஒன்று. ஓர் அடிமைச் சிறுவன் சீனத்துப் பீங்கான் தட்டைக் கைதவறி உடைத்துவிட்டானாம். உடைந்த பாத்திரங்களுக்கென்றே அங்கு ஓர் அறக்கட்டளை இருந்தது; அதன் பொறுப்பாளரிடம் சில்லுகளைக் காட்டிப் பணம் பெற்று வேறு தட்டு வாங்கிக்கொண்டான் என்று எழுதுகிறார்.

அந்தப் பயண நூல் உருப்பெற்றதும் மொராக்கோவில்தான். சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி இப்னு பதூதா சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதி, 1355-56இல் நூல் முடிந்தது. ஃபெஸ்ஸின் புகழ்பெற்ற பூ இனானிய்யா மதரஸாவும் அதே சுல்தான் அதே ஆண்டுகளில் கட்டியது. மதுரைச் சுல்தான் கியாசுத்தீனின் கொடுமைகளைப் பற்றியும், பாரசீகம் அறிந்த யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி சிவனொளிபாத மலைக்குப் போகத் துணையாட்கள் தந்து உதவியதைப் பற்றியும் நமக்குக் கிடைக்கும் செய்திகள் இப்படி அட்லாண்டிக் ஓரத்து அரசவை ஒன்றிலிருந்தே வந்து சேர்ந்திருக்கின்றன. நம் மண்ணின் 14ஆம் நூற்றாண்டைப் பற்றிய சில பக்கங்களுக்கு அந்த விருந்தோம்பலுக்கு நாமும் கடன்பட்டவர்களே.

இந்தச் சித்திரத்தை முழுதும் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. ஃபெஸ்ஸில் வளர்ந்து, 1518இல் கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட அல்-ஹசன் அல்-வஸ்ஸான் என்னும் லியோ ஆஃப்ரிக்கானஸ், இளமையில் சீதி ஃப்ரெஜ் மருத்துவமனையில் எழுத்தராக வேலை பார்த்தவர். 1550இல் வெனிஸில் அச்சேறிய அவருடைய ஆப்பிரிக்க வருணனையில் ஃபெஸ்ஸின் விடுதிகள் வருகின்றன. ஏறத்தாழ 200 விடுதிகள்; ஆனால் கட்டில் கிடையாது; ஒரு முரட்டுப் போர்வையும் பாயும் தருவார்கள்; உணவுப் பொருளை நாமே வாங்கிவந்து சமைக்கக் கொடுக்க வேண்டும். இன்றைய மலிவு விடுதிக்காரர்கள் படித்தால் சிரித்துக்கொள்வார்கள். அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. முன்னொரு காலத்தில் வெளியூர்க்காரர்களுக்கு மூன்று நாள் உணவும் உறைவிடமும் தந்த இல்லங்கள் அங்கே இருந்தன. போர்ச்செலவுக்காக மன்னர் ஒருவர் அவற்றின் வருமானத்தை விற்றுவிட்டதால் அவை நலிந்தன என்கிறார். ஆக, இலவசம் என்று எதுவும் எங்கும் இருந்ததில்லை. யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுப்பது நின்றபோது பாயும் ரொட்டியும் நின்றுபோயின.

இனி அந்த உறுத்தும் வரிக்கு வருகிறோம்.

ஃபெஸ்ஸில் பழைய விடுதி ஒன்றின் மாடியில், முன்பு வணிகர்கள் தங்கிய அறையில், ஒரு முதியவர் தறி போட்டிருந்தார். கம்பளிப் போர்வை ஒன்றுக்கு 400 திர்ஹம் சொன்னார். நாங்கள் 120இல் தொடங்கினோம். வழிகாட்டி நூல்கள் சொல்லித்தந்த எல்லா உத்திகளையும் கையாண்டோம். வேண்டாம் என்று எழுந்தோம், படிவரை இறங்கினோம், திரும்ப அழைக்கப்பட்டோம். முடிவில் 180க்கு வாங்கினோம். அன்று வேறு யாரும் அவரிடம் வந்ததாகத் தெரியவில்லை. பணத்தை எண்ணாமலே பைக்குள் வைத்துக்கொண்டார். தெருவுக்கு வந்ததும் வெற்றிக் களிப்பில் ஒருவர் கையை ஒருவர் தட்டிக்கொண்டோம். இரவில் கணக்கெழுதும்போதுதான், பேச்சினிடையே அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இதை நெய்ய இரண்டு நாள் ஆகும் என்றிருந்தார். கம்பளி நூலின் விலையைக் கழித்துவிட்டு இரண்டால் வகுத்துப் பார்த்தோம். வந்த தொகை, அன்று மாலை பூங்கா ஓரத்து ஓட்டலில் இரண்டு காப்பிக்கும் சில பலகாரத்துக்கும் யோசிக்காமல் நாங்கள் கொடுத்ததைவிட அதிகமில்லை.

பேரம் அந்த ஊரின் மரபல்லவா என்று கேட்கலாம். மரபுதான். தேநீர் வரவழைத்து, குடும்பத்தை விசாரித்து, இருவரும் முகம் சுளிக்காத ஒரு விலைக்கு வந்துசேரும் அந்தச் சடங்கில் ஓர் அழகும் உண்டு. உள்ளூர்ப் பெண்கள் எங்களைவிடக் கறாராகப் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர்களுக்கு நூலின் விலை தெரியும், உழைப்பின் விலை தெரியும். அந்த எல்லைக்குக் கீழே போவதில்லை. நாளையும் அதே கடைக்காரர் முகத்தில் விழித்தாக வேண்டும். நாங்களோ எல்லை தெரியாமல் இறங்கியவர்கள், மறுநாள் ஊரைவிட்டுப் போகிறவர்கள். அதேபோல் ஏமாற்றுக்கு இடம்கொடுக்க வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. “அந்த வழி மூடியிருக்கிறது, என்னோடு வாருங்கள்” என்று திறந்திருக்கும் வழியிலிருந்து நம்மைத் திருப்பி ஒரு கம்பளக் கடைக்கு இழுத்துச் செல்லும் போலி வழிகாட்டிக்குக் காசு மறுப்பதில் பாவமில்லை. பொய்க்குப் பணம் தர மறுப்பதும் உழைப்புக்குப் பணம் குறைப்பதும் நம் நாட்குறிப்பில் ஒரே ‘மிச்சம்’ என்ற தலைப்பில் சேர்ந்துவிடுகின்றன என்பதே எங்கள் வருத்தம்.

மராக்கேஷின் ஜமா எல்-ஃப்னா சதுக்கத்தில் இதையே வேறுவிதமாகக் கண்டோம். கதைசொல்லிகளும் இசைஞர்களும் வித்தைக்காரர்களும் கூடும் அந்தத் திடலின் வாய்மொழி மரபைக் காக்க ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கோய்த்திசோலோ உள்ளிட்டோர் குரல் கொடுத்து, 2001இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் வாய்மொழிப் பாரம்பரியமாக அறிவித்தது. 1954இல் அங்கு வந்த எலியாஸ் கனெட்டி, மொழி புரியாமலே கதைசொல்லிகளின் முன் நின்றதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். இன்று கதைசொல்லிகள் மிகக் குறைந்துபோனார்கள். கதை முற்றும் இடத்தில் நிறுத்தி, சுற்றியிருப்போரிடம் காசு திரட்டிவிட்டுத் தொடர்வது அந்தக் கலையின் ஒழுங்கு. கூட்டத்துக்கு வெளியே நின்று படமெடுத்துக்கொண்டு, தட்டு வரும் நேரத்தில் நழுவும் வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்தோம். முதல் நாள் நாங்களும் நழுவினோம்.

பெரும்பணம் செலவிடும் பயணிகளால் மட்டும் அந்நகரங்கள் வாழ்ந்துவிடவில்லையே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். மராக்கேஷின் பழைய முற்ற வீடுகளில் பலவற்றை வெளிநாட்டார் வாங்கிச் சொகுசு விடுதிகளாக்கியிருக்கிறார்கள். அங்கே தங்குபவரின் பணம் எந்த நாட்டு வங்கிக்குப் போகிறது என்று சொல்ல முடியாது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு நிரம்பிய பிறகே கிளம்பும் பகிர்வு டாக்சிக்கும், தெருமுனை பிஸ்ஸாராக் கடைக்கும் நாங்கள் கொடுத்த சில்லறை அந்தத் தெருவிலேயே தங்கியது. 2023 செப்டம்பர் 8இல் அல்-ஹவுஸ் மலைப்பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கம் 2,900க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு, மராக்கேஷின் பழைய நகரையும் உலுக்கியது. அத்தகைய அழிவுக்குப் பின் இச்சில்லறையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஏழைப் பயணியால் ஊருக்கு நன்மை உண்டு, அவன் தரவேண்டியதைத் தருகிறவரை.

எங்களுக்குத் தோன்றுவது இதுதான். மொட்டைமாடியில் படுப்பதும், நடந்தே சுற்றுவதும், ரொட்டியும் பயறும் தின்பதும் நம் உடலின் செலவில் நாம் செய்யும் சிக்கனம். அதில் பெருமைப்படலாம், அந்த நகரங்களைக் கட்டியவர்கள் அப்படிப்பட்டவனையும் எதிர்பார்த்தே கட்டினார்கள். நெசவாளியின் நாளையும் கதைசொல்லியின் தட்டையும் குறைத்து மிச்சம் பிடிப்பது அவர்களுடைய செலவில் நாம் செய்யும் பயணம். முன்பு ஏழை வழிப்போக்கனுக்கு ஒரு செல்வந்தர் கொடுத்தார். இப்போது தன்னைவிட வசதியான வழிப்போக்கனுக்கு ஓர் ஏழை கொடுக்கிறார், அதுவும் தான் கொடுப்பதாக யாரும் ஒப்புக்கொள்ளாமலே.

பயணக் கணக்கை வெளியிட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது தேவை. ஆனால் அடுத்த முறை எழுதும்போது, ‘மிச்சம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘யாரிடமிருந்து’ என்று இன்னொரு வரியும் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். அந்தக் கம்பளிப் போர்வை இப்போது எங்களில் ஒருவர் வீட்டில் இருக்கிறது. நல்ல நெசவு, இன்னும் ஒரு இழைகூடப் பிரியவில்லை. வருகிறவர்கள் தடவிப் பார்த்து விலை கேட்கிறார்கள். 400 என்று சொல்லிவிடுகிறோம்.