வேலை போனால் நாளை எண்ணுங்கள்



நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் மலாக்கா டவுனுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தெருக் கூட்டினாலும் குப்பை அள்ளினாலும் வீட்டில் நாம் சொல்வது 'முனிசிபல் வேலை'. வேலை இருக்கும்வரை அப்படியே சொல்லலாம். நிறுத்திவிட்டோம் என்று கடிதம் வந்த அன்று முதலாளி யார் என்று பார்த்தே ஆகவேண்டும். வழக்குப் போடும் கெடு அதைப் பொறுத்து மாறுகிறது.

2011 செப்டம்பரில் திடக்கழிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, மலாக்காவில் குப்பை அள்ளுவதும் துப்புரவும் தனியார் நிறுவனத்திடம் போய்விட்டன. ஆகவே, மாநகராண்மைக் கழகத் தெருவைக் கூட்டுகிறவர் கழகத்தின் ஆள்தான் என்று முடிவு கட்டாதீர்கள். சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் பணம் கட்டப்படுகிறதோ, பெரும்பாலும் அவரே முதலாளி.

தனியார் என்றால், தோட்ட நிர்வாகத்துக்கும் இதே கணக்குத்தான்: 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம், 20-ஆம் பிரிவு. நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். ஞாயிறும் தீபாவளியும் அதில் சேர்த்தி. துரைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் நாள் நிற்காது. ஃபூங் கியோங் ரப்பர் கம்பெனித் தொழிலாளர்கள் அன்றிருந்த கெடு தாண்டி மனுக் கொடுத்தார்கள். தாமதித்த மனுவை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1981-இல் சட்ட ஏட்டில் வந்த தீர்ப்பு அது. நீக்கியது நியாயமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று!

மெய்யாகவே நகராண்மைக் கழகத்தின் நேரடி ஊழியர் என்றால் வழி வேறு. நீக்கிய முடிவையே உயர்நீதிமன்றத்தில் மறுஆய்வுக்குக் கொண்டுபோக, முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 3 மாதம். வழக்காகவே தொடுத்தால், பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948 தரும் கெடு 36 மாதம். "ஒப்பந்த வழக்குக்கு ஆறு வருடம் இருக்கிறதே" என்று காப்பிக் கடையில் ஒருவர் சொல்வார். சாதாரண ஒப்பந்தங்களுக்கு அது சரி. அரசாங்க அமைப்பை எதிர்க்கும்போது அதை நம்பி உட்காரக் கூடாது.

முதலாளி யார் என்பதில் சந்தேகம் இருந்தால் 60 நாளையே கெடுவாக வைத்துக்கொண்டு அதற்குள் தொழிற்சங்கத்திடமோ வக்கீலிடமோ போய்விடுங்கள். கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். உறையையும் கிழித்துப் போடாதீர்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கும்.