தேர்வறையிலேயே தீர்ப்பா?

2023 ஜூலை 17 அன்று, பெங்களூரு பி.இ.எஸ். பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பொறியியல் மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தேர்வறையில் அவரிடம் கைபேசி இருந்ததாகவும், அதை வைத்து முறைகேடு செய்ததாகவும் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. மறதியாகக் கைபேசியை எடுத்துச் சென்றவரை அவமானப்படுத்தினார்கள் என்றது குடும்பம். இதில் எது உண்மை என்பதை விசாரணை சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் மாணவரே இல்லாமல் போனார்.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால், குற்றச்சாட்டுக்கும் விசாரணைக்கும் இடைப்பட்ட நேரத்தில் மாணவருக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது. விடைத்தாள் பறிக்கப்படுகிறது, நண்பர்கள் முன்னிலையில் வசவு விழுகிறது, பெற்றோருக்குத் தொலைபேசி பறக்கிறது. ‘மால்பிராக்டிஸ் கேஸ்’ என்று புக் ஆன நிமிடத்திலேயே அவர் பிட் அடித்தவர் ஆகிவிடுகிறார். விசாரணைக் குழு கூடி ஆராய்வதற்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. தேர்ச்சி பெற்றிருந்த மூன்று மாணவர்களின் தேர்வு முடிவை, அவர்களிடம் விளக்கமே கேட்காமல் உத்தரப் பிரதேசக் கல்வி வாரியம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு தேர்வெழுதவும் தடை விதித்தது. கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது: ஒருவரின் எதிர்காலத்தையும் நற்பெயரையும் பாதிக்கும் முடிவை எடுக்கும் தேர்வுக் குழு, அவர் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும்.

நீதிமன்றங்கள் கல்வி நிறுவனங்களின் கையைக் கட்டிப்போடவும் இல்லை. பாக்லேஷ்வர் பிரசாத் வழக்கில், இரு மாணவர்களின் விடைத்தாள்களில் ஒரே மாதிரியான தவறுகள் இருந்ததை ஆதாரமாக ஏற்று, வாரியத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நேரில் பார்த்த சாட்சி வேண்டியதில்லை. சூழ்நிலை ஆதாரம் போதும். ஆனால், அந்த ஆதாரத்தை மாணவர் முன் வைத்து, அவருடைய பதிலைக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். கைபேசி வைத்திருந்தது விதிமீறல். அதைப் பார்த்து எழுதியது மோசடி. முன்னதை அறைக் கண்காணிப்பாளரே உறுதிசெய்யலாம். பின்னதற்கு, கைபேசியில் என்ன இருந்தது, எப்போது திறக்கப்பட்டது, விடைத்தாளோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கும்போதுதான் மறதிக்காரர் மோசடிக்காரர் ஆகிறார். கண்காணிப்பாளரின் வேலை கண்டதைப் பதிவுசெய்வது. தீர்ப்புச் சொல்வது அல்ல.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சிக்கலைப் பெரிதாக்கியிருக்கிறது. கட்டுரையை எழுதியது மனிதரா இயந்திரமா என்று கண்டறிய ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. மனிதர்கள் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாகத் தவறாகச் சொல்லும் என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. துல்லியம் போதாது என்று ஜூலையில் கருவியைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரத்தின் எழுத்து என்றன. தமிழிலும் கன்னடத்திலும் சிந்தித்து ஆங்கிலத்தில் தேர்வெழுதும் நம் பிள்ளைகளை இந்தக் கருவிகளின் கையில் ஒப்படைக்கலாமா?

பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளான மாணவர் செய்ய வேண்டியவை சில உண்டு. யாரோ எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தில் அச்சத்தில் கையெழுத்திட வேண்டாம். நடந்ததைத் தன் கைப்பட, நேரம் குறிப்பிட்டு எழுதித் தர வேண்டும். நகல் வைத்துக்கொள்ள வேண்டும். குற்றச்சாட்டையும் ஆதாரத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் மீது அது 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. குற்றச்சாட்டுக்கு ஆளானவரைத் தேர்வைத் தொடர்ந்து எழுத விடுங்கள்; விடைத்தாளைத் தனியே குறித்து வைத்து, முடிவைப் பிறகு சொல்லுங்கள். மற்றவர் முன் விசாரிக்காதீர்கள். அன்றைக்கு அவரைத் தனியே அனுப்பாதீர்கள். பெற்றோரோ ஆலோசகரோ வரும்வரை ஓர் ஆசிரியர் உடன் இருக்கட்டும். பிள்ளையின் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால், பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது ‘ஏன் செய்தாய்?’ என்றல்ல, ‘என்ன நடந்தது?’ என்று.

குற்றம் செய்தவருக்குக்கூட தேர்வை இன்னொரு முறை எழுத வழி இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைவிடக் குறைவான வாய்ப்பைத் தரும் எந்த நடைமுறையும் நியாயமானதல்ல.

(மனம் தளரும் நேரத்தில் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம்.)