இடுப்பு நரம்பும் கருப்பைச் சத்திரசிகிச்சையும்

தலவாக்கலைத் தோட்டமொன்றிலே கான் வெட்டச் செல்பவர், லயத்துக்கு நீர் கொண்டுவரும் குழாய் மண்ணுக்குள்ளே எவ்வழி செல்கிறதென முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அறியாது வெட்டினால் கான் செம்மையாக அமையலாம். லயத்துப் பீலியோ வறண்டுபோகும். பெண்ணின் இடுப்புக்குழியிலே கத்தியை எடுக்கும் வைத்தியரின் பொறுப்பும் இத்தகையதே.

அக்குழியின் நடுவே கருப்பையும், முன்னே சிறுநீர்ப்பையும், பின்னே மலக்குடலும் உள்ளன. சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகள் இருவழியாக வருகின்றன. முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து இறங்கும் நரம்பு, பையைத் தளர்த்தி நீரைத் தேக்கிவைக்கிறது. முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பிலிருந்து புறப்படும் நரம்போ, பையைச் சுருக்கி நீரை வெளியேற்றுகிறது. இரண்டும் மலக்குடலுக்கும் கருப்பைக் கழுத்துக்கும் பக்கத்திலே வலைபோலப் பின்னி, அங்கிருந்து சிறுநீர்ப்பைக்குக் கிளைவிடுகின்றன.

கருப்பையை மட்டும் அகற்றும்போது கத்தி அதனை ஒட்டியே செல்வதால், இவ்வலைக்கு ஊறு நேர்வது குறைவு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகச் சுற்றுத் திசுக்களையும் அகற்றும்போதே ஆபத்து மிகுதி. தம் பெயரால் வழங்கும் இம்முறையை வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் வெர்த்தைம் 1898 இல் கையாண்டார். ஜப்பானியரான ஒக்காபயாஷி, மேலும் விரிவான முறையை 1921 இல் வெளியிட்டார். நோயினின்று மீண்ட பெண்களிற் சிலர், நரம்பு அறுபட்டமையால் சிறுநீர் கழிக்கும் உணர்வை இழந்து வருந்தினர். நரம்புகளைப் பிரித்தறிந்து காக்கும் வழியை 1961 இல் தோக்கியோவின் கொபயாஷி எடுத்துரைத்தார். கருப்பையின் ஆழ்நாளத்துக்குக் கீழே நரம்பு செல்கிறது என்பது இன்று வைத்தியருக்கு நல்லதோர் அடையாளம். உடற்கூற்றியல் பயிலும் மாணவர் இதன் பயனை உணர்வாராக.

நோயை முளையிலே கண்டால் நரம்புக்கும் பாதுகாப்பு உண்டு. 700 பெண்களிடம் நடத்தப்பெற்று 2024 இல் வெளியான ஆய்வொன்று, மிகச் சிறிய, அபாயம் குறைந்த புற்றுக்குக் கருப்பையை மட்டும் அகற்றினாலும் நோய் மீள்வது மிகுதியாவதில்லை என்றும், சிறுநீர்த் தொல்லை குறைகிறதென்றும் காட்டியது.

நம் நாட்டில் 1996 இல் தொடங்கப்பெற்ற சுகவனிதையர் கிளினிக்குகளிலே, 35 வயதை எட்டிய பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. ஒருநாட் பேர் போய்விடுமே எனக் கொழுந்தெடுக்கும் தாய்மார் இதனைத் தள்ளிப்போடலாகாது. சத்திரசிகிச்சைக்கு முன், “என் சிறுநீர்ப்பை நரம்புகள் காக்கப்படுமா?” எனக் கேட்பது எவருக்கும் உரிமையே. பின்னர் நீர் பிரியாவிடினும், அடக்க இயலாதுபோயினும், வெட்கத்தால் மறைத்தல் வேண்டாம். மருத்துவ மாதுவிடமேனும் வாய்திறந்து சொல்லுங்கள். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. காலந்தாழ்த்தினால் சிறுநீரகத்துக்கே கேடு வரலாம். வீட்டிலுள்ள ஆண்மக்களும் இதனை அறிந்து, துணையாகச் செல்வார்களாக.