ரிங்கல்தௌபே என்றால் புறா

நெய்யூர் பக்கம் எந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாலும் வில்சன், நெல்சன், லிவிங்ஸ்டன் என்று ஒரு பெயராவது கண்ணில் படும். வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் குடும்பப் பெயர். இங்கே ஆளின் சொந்தப் பெயர். "சர்நேமைப் போய் பெயராக வைத்திருக்கிறார்களே" என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பதுண்டு. சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

மிஷனரிகள் வழியாக வந்த பழக்கம் இது. 1828-ல் மீட் ஐயர் நெய்யூருக்கு வந்தார். அவருக்கும் முன்னால், 1806-ல் திருவிதாங்கூருக்கு வந்தவர் ரிங்கல்தௌபே. குமரி மாவட்டத்துச் சபைகளில் அந்தப் பெயர் தெரியாதவர்கள் குறைவு. அர்த்தம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஜெர்மன் மொழியில் 'ரிங்கல்' சின்ன வளையம், 'தௌபே' புறா. கழுத்தில் வெள்ளைப் பட்டை உள்ள காட்டுப்புறாவுக்கு அந்தப் பெயர்! அவர் பிறந்த சைலீசியாவின் பெரும்பகுதி இன்று போலந்தில் இருக்கிறது, ஒரு ஓரம் செக் நாட்டில். செக் மக்களிடமும் இதே புறா 'ஹோலுப்' என்று குடும்பப் பெயராக இருக்கிறது. பெண்களுக்கு 'ஹோலுபோவா'. யாரோ ஒரு முன்னோருக்கு ஊர் வைத்த பட்டப்பெயராக இருந்திருக்கும். நம்மூரில் வைக்காத பட்டப்பெயரா!

ஆனால் அங்கே அது வம்சத்துக்கே ஒட்டிக்கொண்டது. வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் அரசாங்கத்துக்கு மாறாத பெயர் தேவை. செக் பகுதிகளை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப் 1780-களில் இதற்குச் சட்டமே போட்டார்.

வில்சன் கதை இன்னும் சுவாரஸ்யம். 'வில்லின் மகன்', அவ்வளவுதான். அதாவது அப்பா பெயர். நம்ம இனிஷியல் செய்கிற அதே வேலை! அங்கே ஒரு தலைமுறையில் உறைந்துவிட்டது. இங்கே தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோர் அப்பா பெயரைத்தான் பின்னால் போடுகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

சிரிப்பு போகட்டும், பிழைப்பு இருக்கிறதே! பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. வளைகுடாவை நம்பி இருக்கிற மாவட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும்? பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள்.

இறங்கி வந்ததுதான் நியாயம். இங்கே குடும்பப் பெயர் என்று தேடினால் கைக்கு வருவது சாதிப் பெயர். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுக் கழற்றிய வாலை, ஒரு படிவத்துக்காக யாரும் திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுங்கள், போதும்.

என்ன, நெய்யூர் வில்சனின் மகன் அப்படி எழுதிவிட்டு வெளிநாட்டில் தங்கிவிட்டால், அங்கே பிறக்கும் பேரனும் வில்சன்தான், அவன் மகனும் வில்சன்தான். இங்கே வந்து சொந்தப் பெயரான வில்சன் மறுபடி சர்நேம் ஆகிவிடுவார்!