வீட்டுப்பாடம் எழுத வைக்க ஒரு மருந்து கேட்டார்

போன வாரம் மக்காச்சோளத்துல படைப்புழு பத்தி எழுதினதுக்கு நாலஞ்சு பேர் போன் பண்ணிப் பேசினீங்க, சந்தோஷம். அதுல ஒருத்தர் கடைசியா, "அண்ணே, புழுவை விடுங்க, எம்பையன் வீட்டுப்பாடம் எழுத மாட்டேங்கறான், அதுக்கு ஏதாச்சும் மருந்து இருந்தா சொல்லுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரலை.

எங்க பக்கம் ஒரு பையன் படிப்பை நிறுத்துறது எப்படின்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். பரீட்சையில ஃபெயிலாகி நிக்கறதில்லை. எட்டாவது வரைக்கும்தான் யாரையும் நிறுத்தி வைக்கறது கிடையாதே. ஆறாவது படிக்கிறப்ப ஒரு திங்கக்கிழமை கணக்கு எழுதியிருக்க மாட்டான். வாத்தியார் கேப்பாரேன்னு வயித்து வலின்னு படுத்துக்குவான். அப்பனும் ஆத்தாளும் காட்டுக்குப் போற அவசரத்துல "சரி, கிட"ன்னு போயிடுவாங்க. மறுநாள் போனா ரெண்டு நாள் பாடம் சேர்ந்து நிக்கும். அப்புறம் மாசத்துக்கு ஒரு வயித்து வலி, வாரத்துக்கு ஒரு வயித்து வலின்னு ஆயிடும். ஒன்பதாவதுல கணக்குப் புத்தகத்தைத் திறந்தா தலையும் புரியாது வாலும் புரியாது. அடுத்த தீபாவளிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியிலேர்ந்து புதுச்சட்டையோட வந்து இறங்குவான். எங்க தெருவுல மட்டும் இப்படி மூணு பேரு.

அதனால வீட்டுப்பாடத்தைச் சின்ன விஷயமா நான் நினைக்கறதில்லை. அதே சமயம், பிள்ளைங்க சோம்பேறின்னு சொன்னா ஒத்துக்கவும் மாட்டேன். அந்தப் பையனே மாட்டுக்குத் தண்ணி காட்டுவான், பால் கேனைச் சைக்கிள்ல மாட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போவான், காணாமப் போன ஆட்டுக்குட்டியை இருட்டுல தேடிப் புடிச்சுட்டு வருவான். இந்த வேலையெல்லாம் செய்யறப்ப பக்கத்துல ஒரு ஆள் இருக்கு, முடிச்சா ஒருத்தர் பார்க்கிறாங்க. வீட்டுப்பாடத்தை மட்டும் தனியா மூலையில உக்காந்து செய்யணும்.

சாயங்காலம் நம்ம வீடு எப்படி இருக்குன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வர்றப்ப வீட்டுல ஆள் இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போயிட்டு வந்து, பாலைக் கறந்து, அடுப்பைப் பத்த வைக்கிறா. ஆறு மணிக்குமேல டிவியில சீரியல் ஆரம்பிச்சா ஒன்பதரை வரைக்கும் ஓடுது. அப்பன் வர்றது எந்நேரம்னு சொல்ல முடியாது, வந்தாலும் கையில போன். இதுக்கு நடுவுல "போய் எழுதுடா"ன்னு அடுப்படியிலேர்ந்து ஒரு சத்தம் மட்டும் வருது. பெரிய ஆளுக்கே இந்தச் சத்தத்துல ஒரு கடுதாசி எழுத வராது.

எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு அப்பாயி இருக்கு. கைநாட்டுதான். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் டிவியை நிறுத்திட்டு, முறத்துல வெங்காயத்தையோ கடலையையோ போட்டுக்கிட்டுப் பேரன் பக்கத்துல உக்காந்துடும். "என்னடா எழுதுற? எனக்கும் சொல்லு"ன்னு கேக்கும். அவன் சொல்லுவான். "அப்படின்னா என்ன?"ன்னு மறுபடி கேக்கும். வெவரம் தெரியாதவங்களுக்கு வெளக்கிச் சொல்லணும்னா தனக்கு முதல்ல வெளங்கணுமே, அதனால அவன் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பான். அரை மணி, முக்கா மணி, அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு டியூஷன் கிடையாது. இதுவரைக்கும் வயித்து வலியும் வந்ததில்லை.

"எங்களுக்குப் படிப்பு இல்லை, நாங்க என்னத்தச் சொல்லிக் கொடுக்கறது"ன்னு நெறைய பேர் சொல்றீங்க. சொல்லிக் கொடுக்கறது வாத்தியார் வேலை. பக்கத்துல உக்கார்றதுக்குப் பத்தாங்கிளாஸ் பாஸ் ஆகியிருக்கணும்னு இல்லை. தெரியாத கணக்குல பென்சிலால ஒரு கோடு போட வச்சு, "நாளைக்கு டீச்சர்கிட்ட இதை மட்டும் கேளு"ன்னு அனுப்புங்க. எழுதாமப் போற பிள்ளைதான் பயப்படும். இந்த இடம் தெரியலைன்னு காட்டப் போற பிள்ளைக்கு அவ்வளவு பயம் இருக்காது.

"எழுதினா போன் தர்றேன்"னு சொல்ற பழக்கம் இப்ப ஊர் பூரா இருக்கு. எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை. பத்து நிமிஷத்துல கோழி கிளறின மாதிரி கிறுக்கிட்டு போனுக்குக் கையை நீட்டுது. வீட்டுப்பாடம் போனுக்குக் கட்டற வாடகையா ஆயிடுச்சு. அடி கொடுக்கறதும் அதே லட்சணம்தான், அடிக்கிறவர் வீட்டுல இல்லாத அன்னைக்கு நோட்டு திறக்காது.

பொம்பளைப் புள்ளைங்க கதை வேற. வீட்டுக்கு வந்ததும் வாசல் கூட்டு, பாத்திரம் கழுவு, தண்ணி எடு, தம்பியைப் பாத்துக்க. தம்பி படிக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க, அக்காவுக்கும் அதே பள்ளிக்கூடம்தான்னு யாருக்கும் ஞாபகம் வராது. எல்லாரும் படுத்த பெறகு ஒன்பதரைக்கு மேல தூக்கத்துல எழுதுது. பருத்தி எடுப்பு வந்துட்டா லீவு போட வைக்கிறதும் அதைத்தான். தம்பியும் பாத்திரம் கழுவட்டும், கை தேஞ்சு போயிடாது.

கணக்குன்னா ஓடற பிள்ளைக்கு நம்ம வீட்டுக் கணக்கைக் கொடுத்துப் பாருங்க. காலையில மூணரை லிட்டர் பால், சாயங்காலம் ரெண்டே முக்கால், பத்து நாளைக்கு எவ்வளவு? 62.5 லிட்டர். சொசைட்டி அட்டையில போட்டது சரியான்னு பார்க்கச் சொல்லுங்க. யூரியா மூட்டை இப்ப 50 கிலோ இல்லை, 45 கிலோ. விலை 266 ரூபா 50 காசு. அப்ப ஒரு கிலோ என்ன விலை? அப்பன் காசுன்னு தெரிஞ்சா தசம கணக்கைப் பிள்ளை ரோஷமாப் போடும். நான் எங்க தம்பி பையனுக்கு இப்படித்தான் கொடுக்கறேன். "பெரியப்பா, ஆறு ரூபாகூட வரலை"ன்னு ஓடி வந்து சொல்றான்.

இதெல்லாம் நம்ம பக்கத்து வேலை. பள்ளிக்கூடத்துப் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கு. 2018-ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி கிருபாகரன் ஒண்ணாவது, ரெண்டாவது பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதுன்னு உத்தரவு போட்டார். 2020-ல மத்திய அரசு கொண்டு வந்த பள்ளிப்பை கொள்கையிலயும் ரெண்டாவது வரைக்கும் கிடையாது. மூணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் வாரத்துக்கே 2 மணி நேரம்தான். ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரம், அதுக்கு மேல 2 மணி நேரம். ஆனா வேன் வச்சு ஆள் புடிக்கிற இங்கிலீஷ் மீடியத்துல யு.கே.ஜி. குழந்தைக்கு நாலு பக்கம் எழுத்து வருது. டைரியில இங்கிலீஷ்ல குறிப்பு வருது, அதைப் படிச்சுக் காட்ட ஆள் தேடி எங்க வீட்டுக்கு வர்றாங்க. அப்புறம் ப்ராஜெக்ட், சார்ட்டுன்னு ஒண்ணு. டவுன்ல பிரவுசிங் சென்டர்காரர் பிரிண்ட் போட்டுக் கொடுக்கறார், அப்பன் காசு கொடுக்கறான், பிள்ளை ஒட்டிக்கிட்டுப் போகுது. இதுல யார் என்ன படிச்சாங்கன்னு எனக்குத் தெரியலை.

கொரோனா முடிஞ்சு 2021-ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப எங்க தெருவுலயே ஒரு பொண்ணு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துச்சு. கூப்பிடாமலே பிள்ளைங்க பாயைத் தூக்கிட்டு ஓடினதை நான் பார்த்தேன். கூட்டமா உக்காந்தா எழுத வருது. அந்தப் பொண்ணு கல்யாணமாகிப் போனதும் நின்னுடுச்சு.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்த மாசம் வருது. அதுல ஒண்ணு கேக்கலாம்னு இருக்கேன். தை, மாசியில பருத்தி எடுப்பும் சோள அறுப்பும் சேர்ந்து வர்றப்ப யார் வீட்டுலயும் சாயங்காலம் ஆள் இருக்காது. அந்த ரெண்டு மாசமாவது கடைசி பீரியட்ல வீட்டுப்பாடத்தைப் பள்ளிக்கூடத்துலயே எழுத விடுங்கன்னு கேக்கணும். தலைமையாசிரியர் நல்ல மனுஷர்தான், ஆனா ஒத்தை ஆளாப் போய் நின்னா யோசிப்பார். எங்க ஊர்க்காரங்க இதைப் படிச்சா, அன்னைக்கு ஒரு மணி நேரம் வேலையைப் போட்டுட்டு வந்து உக்காருங்க, பொம்பளைங்களையும் கூட்டிட்டு வாங்க.